சீர் வண்டிக்கு எத்தனை சுற்று?

டென் ஸ்லீப், வயோமிங்
மே மாதம், ஆனாலும் வெளியே பனி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி எமில் குசேரா அவர்களுக்கு, ஹார்லன் டெக்கர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுதுவது.

இங்கே நானும் என் மனைவி நோரீனும், மகள் டெலனியும், அவள் வளர்க்கும் கோவேறு கழுதைகள் அத்தனையும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மா ரோஸலியும், மாப்பிள்ளை கோல்பியும், இந்த வருஷத்துக் கன்றுகளும், உங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் வேண்டிக்கொள்கிறேன். முழங்காலுக்குத் தனியாகவே ஒரு வேண்டுதல் வைக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். போன தடவை நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து "மூணரை" என்று கத்த, நான் இந்தப் பக்கத்திலிருந்து "நாலு" என்று கத்த, கொட்டகையில் இருந்த கழுதைகள் காதைப் பின்னால் மடித்துக்கொண்டதும் நோரீன் வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். "இனிமே சம்பந்திமாரு ரெண்டு பேரும் எழுதித்தான் பேசிக்கணும். எழுத்துல கத்த முடியாது பாருங்க" என்று சட்டம் போட்டுவிட்டாள். எழுத்திலும் கத்தலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தில் கத்தப்போவதில்லை. ஏனென்றால் நான் விட்டுக்கொடுக்க முடிவு செய்துவிட்டேன். எதை, எப்படி, எவ்வளவு யோசித்து விட்டுக்கொடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டாமா? அதற்காகத்தான் இத்தனை தாள்.

வருகிற ஜூனில் கல்யாணம். இரண்டு வீட்டுச் சீரும் ஒன்றாகவே இருக்கட்டும், டெலனியின் கழுதை டிரெய்லரை இழுக்க நல்ல டீசல் ட்ரக் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று நாம் இருவரும் கை குலுக்கியபோது எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்! கியர்பாக்ஸ் எது, ஆக்சிலில் எத்தனை சுற்று என்று யாரோ ஒருவர் வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. அந்த யாரோ ஒருவர் நான்தான் என்று நோரீன் சொல்கிறாள்.

முதலில் கியர்பாக்ஸ். நான் பன்னிரண்டு வயதிலிருந்து கிளட்ச் மிதிப்பவன். இடது காலுக்கு வேலை கொடுக்காத வண்டியை நான் வண்டி என்றே மதித்ததில்லை. நீங்களோ ஆட்டோமேட்டிக்கைத் தவிர வேறு எதுவும் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று ஒரே பிடி. அது உங்கள் முழங்கால் பேசுகிற பேச்சு, ஓட்டப்போவது உங்கள் முழங்கால் இல்லையே என்று நான் சொன்னது தப்புதான், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சம்பந்தி, சண்டை போடுவதாக இருந்தாலும் விஷயம் தெரிந்து சண்டை போடவேண்டும் இல்லையா? அதனால் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கியர் போட்டு ஓட்டுகிற ட்ரக்கை இரவல் வாங்கி, பின்னால் டிரெய்லரை மாட்டி, ஆறு கழுதைகளை ஏற்றி, மடியில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தோடு நோரீனையும் ஏற்றிக்கொண்டு பிக்ஹார்ன் கணவாய் ஏறினேன். நோரீனுடைய அக்காவுக்கு அந்தப் பலகாரம். பாதி மலையில் கியரைக் குறைக்கப் போனேன், விழவில்லை. மறுபடி தள்ளினேன், கடகடவென்று பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. வண்டி நின்றது. நின்றதோடு விடாமல் பின்னால் போகலாமா என்று யோசிக்க ஆரம்பித்தது. நான் பிரேக்கை அழுத்திய அழுத்தில் பலகாரம் டாஷ்போர்டில் போய் ஒட்டிக்கொண்டது, ஆறு கழுதைகளும் ஒன்றாக டிரெய்லரை உதைத்தன. அவற்றில் ஜட்ஜ் என்று ஒரு பெரிய கழுதை உண்டு. அது டிரெய்லர் ஜன்னல் வழியாக மூக்கை நீட்டி, பக்கத்துக் கண்ணாடியில் என்னையே பார்த்தது. நான் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்தேன். நோரீன் விரலால் டாஷ்போர்டிலிருந்து ருபார்ப்பை வழித்துத் தின்றுகொண்டே வந்தாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுவாரம் அதே மலை, அதே கழுதைகள், ஆனால் ஆட்டோமேட்டிக். இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு முன்னாலேயே மலையைப் புரிந்துகொள்கிறது சம்பந்தி! எங்கே இறக்கவேண்டும், எங்கே பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒவ்வொன்றையும் தானே பார்த்துக்கொள்கிறது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பொத்தானை அழுத்தினேன், வண்டி உறுமிக்கொண்டே தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கியது, நான் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. என் இடது கால் மட்டும் தரையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. மேலே போனதும் திரும்பி இறங்கி மறுபடி ஒரு தடவை ஏறிப் பார்த்தேன், எப்படி அதற்குத் தெரிகிறது என்கிற ஆச்சரியம் தீரவில்லை. மூன்றாவது தடவை திரும்பியபோது நோரீன், "இறக்கிவிட்டுட்டு எத்தன தடவ வேணும்னாலும் போங்க. எங்க அக்கா வீட்டுல காபி ஆறிப்போகுது" என்றாள். ஆகவே கியர்பாக்ஸ் விஷயத்தில் ஜெயித்தது நீங்கள்தான். ஆட்டோமேட்டிக்கே. என் கையெழுத்தில் இருக்கிறது, வெட்டி எடுத்து சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆக்சில். வண்டிக்கு அடியில் ஓடுகிற நீளத் தண்டு எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் கணக்கு. நாலு சுற்றுக்குமேல் என்றால் மலையில் வண்டி சிரித்துக்கொண்டே ஏறும், ஆனால் உங்கள் ஊர் நேர்ச்சாலையில் எஞ்சின் ஓலமிட்டு டீசலைக் குடித்துத் தீர்க்கும். மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு என்றால் சமவெளியில் தூங்கிக்கொண்டே போகலாம், எங்கள் கணவாயில் கழுதைகளே இறங்கி வண்டியைத் தள்ளவேண்டி வரும். கம்பெனிக்காரர்கள் இதை 4.10, 3.42 என்று புள்ளி வைத்துச் சொல்வார்கள், நடுவில் 3.73 என்று ஒன்று உண்டு. நாம் நாலு, மூன்றரை, மூன்றே முக்கால் என்றே வைத்துக்கொள்வோம், புள்ளிக்கு ஒரு சண்டை வேண்டாம்.

இந்த ஊரில் யார் வண்டியில் எத்தனை சுற்று என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. காபிக்கடை மேசையில் ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதே உலகத்தில் சிறந்தது என்று சத்தியம் செய்கிறார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று ஜாக்கியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு சக்கரத்தைத் தூக்கி, சக்கரத்தில் ஒரு கோடு, தண்டில் ஒரு கோடு, ஒரு சுற்று சுற்றி எண்ணவேண்டியது. எண்ணினால் எல்லா வண்டியிலும் இரண்டு சுற்றுக்குக் கிட்டத்தட்டத்தான் வருகிறது! உங்களையெல்லாம் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகுதான் பட்டறைக்காரன் கிளிஃப் கூப்பிட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றினால் பாதிக் கணக்குத்தான் வரும், இரண்டு சுற்று சுற்றவேண்டும் என்றான். ஏன் அப்படி என்று கேட்டேன், ஒரு மத்தியானம் முழுக்க விளக்கினான், அதைப்போல் சுவையான மத்தியானம் எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் ஊரில் மறுபடி எல்லா வண்டியையும் எண்ணவேண்டியதாகிவிட்டது. அதில்தான் ஒரு சாவுக்குப் பிறகு சர்ச் அடித்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே பாஸ்டரின் ட்ரக்குக்கு அடியில் நான் படுத்திருந்ததை அவரே வந்து பார்க்கும்படி ஆயிற்று. கறுப்புக் கோட்டோடு குனிந்து, "ஹார்லன், உடம்புக்கு ஏதாவதா?" என்றார். "இல்ல பாஸ்டர், உங்களுக்கு மூணரைதான்" என்றேன். அவருக்கு அதைக் கேட்டு வருத்தம் என்றே நினைக்கிறேன். நாலு என்று நம்பிக்கொண்டிருந்தாராம்.

இப்படி நான் எண்ணிக்கொண்டு திரிந்தபோதுதான் கோல்பி உங்கள் ஊர்ப் பக்கத்தில் விற்பனைக்கு இருந்த அந்தச் சாம்பல்நிற வண்டியைக் காட்டினான். பின்னால் இரட்டைச் சக்கரம், நாலு சக்கரமும் இழுக்கும், ஆட்டோமேட்டிக், முன்னும் பின்னும் மூன்றே முக்கால். பையனுக்கு என்ன தெரியும், நிறம் பிடித்திருக்கும் என்று நாம் இருவரும் கண்ஜாடை காட்டிக்கொண்டோம். ஆக்சிலின் பல்சக்கர ஜோடியை அப்புறம் மாற்றிக்கொண்டால் போகிறது என்று சொல்லித்தான் வாங்கினோம். எதற்கு மாற்றுவது என்பதில்தான் போன் போயிற்று.

வண்டியை ஓட்டிவர நான் நெப்ராஸ்காவில் உங்கள் பர்வெல்லுக்கு வந்தபோது நீங்கள் செய்த உபசாரத்தை இங்கே எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். கேட்டில் வந்து நின்றுகொண்டு வழியே விடவில்லையே! "சம்பந்தி, என்ன அவசரம்? இன்னும் ஒரு வாரம் வண்டி இங்கயே நிக்கட்டுமே" என்றீர்கள். ஆயில் மாற்றவேண்டும் என்றேன். "ஆயில் எங்க ஊர்லயும் கிடைக்கும்" என்றீர்கள். கிளம்பினால் சம்பந்தியம்மா அடுப்பிலிருந்து இன்னொரு தட்டு கொலாச்சி எடுத்துவந்தார். பிளம் ஜாம் வைத்த அந்த பன்னைத் தின்று தின்று என்னால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவே முடியவில்லை. இவ்வளவு பாசமான மனுஷனோடா மூன்றரைக்கும் நாலுக்கும் சண்டை போட்டோம் என்று வழியெல்லாம் கண்ணீர் விட்டேன். எல்லா வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்த நான், இந்த வண்டியை மட்டும் எண்ணவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த வண்டியைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை. இங்கே வந்ததும் கிளிஃப் பட்டறையில் விட்டு ஆயில் மாற்றினேன். ஆயில் மட்டும்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நோரீன் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அந்த வண்டி வருஷத்துல எத்தன தடவ கணவாய் ஏறும்?"

"அது அவங்க ரெண்டு பேரும் எங்க இருக்காங்கங்கிறதப் பொறுத்தது" என்றேன்.

"எங்க இருப்பாங்க?"

"அது வண்டியப் பொறுத்தது."

"அப்போ புள்ளைங்கள ஒரு வார்த்த கேட்கவே வேண்டாம். பல்சக்கரத்தக் கேட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதற்கப்புறம் சாப்பிடவில்லை.

சம்பந்தி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு என்று நான் சொன்னபோது மலையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஓடைக்கரையில் இருக்கிற சின்ன வீட்டுக்குப் புதுக்கூரை போட்டு வைத்திருக்கிறேன். டெலனி தினமும் விடியற்காலையில் கழுதைகளைத் திட்டுகிற சத்தத்தில்தான் நான் கண் விழிக்கிறேன். அவள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் என்னை எழுப்ப யாரும் இல்லை. மலை ஏறுகிற வண்டி கையில் இருந்தால் மலையிலேயே இருந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. நீங்கள் மூன்றரை என்று சொன்னதும் டீசல் மிச்சம் பிடிக்க இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பிப்ரவரிக் குளிரில் மாடு கன்று போடுகிற காலத்தில் ராத்திரியெல்லாம் அந்த முழங்காலோடு கொட்டகையில் நடக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரே பையன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றரை என்று உங்களைவிட உரக்கக் கத்தியிருப்பேன்.

ஆகையால் பெரிய மனசு பண்ணி முடிவு செய்துவிட்டேன். நாலும் வேண்டாம், மூன்றரையும் வேண்டாம். வண்டி வந்தபடியே மூன்றே முக்காலாக இருக்கட்டும். நான் அதில் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டேன், நீங்களும் தொடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு நேர்மையான மனிதர்களுக்கு நடுவில் வேறு என்ன வேண்டும்?

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். உங்கள் மாடுகள் சுகமாகக் கன்று போடட்டும், உங்கள் வானத்தில் ஆலங்கட்டி இல்லாத மேகமாக வரட்டும், உங்கள் முழங்கால் கல்யாணத்தன்று ஒரு நடனத்துக்காவது வளையட்டும்.

என்றும் உங்கள் உண்மையுள்ள சம்பந்தி,
ஹார்லன் டெக்கர்

பி.கு.: மேலே உள்ளதில் ஒரு எழுத்தையும் அழிக்காமல், கீழே நடந்ததைச் சேர்த்து, அப்படியே அனுப்பவேண்டும் என்பது என் மகளுடைய தண்டனை. அதனால் எழுதுகிறேன்.

கடிதத்தை ஒட்டி மேசைமேல் வைத்திருந்தேன். தபாலாபீசுக்குப் போகக் கிளம்பிய டெலனி, தன் வண்டியில் பாட்டரி போய்விட்டது என்று கல்யாண வண்டியை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாது. வெளி கேட்டருகே பனி குவிந்து கிடந்ததால் நாலு சக்கரமும் இழுக்கும்படி லீவரைப் போட்டிருக்கிறாள். பனியைத் தாண்டிக் காய்ந்த ரோட்டில் சக்கரம் பட்டதும் வண்டி முனகி, குதித்து, படார் படார் என்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்க எனக்குத் தேவை இல்லை.

ஆயில் மட்டும்தான் என்று எழுதியிருந்தேன். ஆயிலோடு பின் ஆக்சிலின் பல்சக்கர ஜோடியையும் நாலாக மாற்றச் சொல்லியிருந்தேன். முன் ஆக்சிலுக்கான ஜோடி கிளிஃபிடம் இல்லை, அடுத்த வாரம் வரும், அதுவரை முன்னும் பின்னும் சுற்று ஒத்துப்போகாது, நாலு சக்கர லீவரைத் தொடாதே என்றான். கல்யாணத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

டெலனி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஜாக்கி, சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் என்னிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. பின்சக்கரத்தை நோரீனைச் சுற்றச் சொல்லி, தான் அடியில் படுத்து எண்ணினாள். "நாலு" என்று அடியிலிருந்தே சொன்னாள். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"சரி. அப்போ முன்னாடி மூணே முக்கால் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் எண்ணினாள். மறுபடி சுற்றச் சொன்னாள், மறுபடி எண்ணினாள்.

"அப்பா, முன்னாடி மூணரை."

நான் முன் ஆக்சிலைத் தொடவே இல்லை என்று நின்ற இடத்திலேயே சத்தியம் செய்தேன். என் பேச்சை யாரும் நம்பவில்லை, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம்தான் சம்பந்தி, நீங்கள் கேட்டில் நின்ற கோலம் என் கண்முன் வந்தது. இன்னும் ஒரு வாரம்! ஆயில் எங்க ஊர்லயும் கிடைக்கும்! தட்டுத் தட்டாகக் கொலாச்சி! உங்கள் பட்டறைக்காரனிடம் முன் ஜோடி மட்டும்தான் இருந்ததா? பின் ஜோடி வந்துசேரும்வரை என்னை நிறுத்தி வைக்கத்தான் அப்படித் தின்ன வைத்தீர்களா?

டெலனி சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முன்சக்கரம் நெப்ராஸ்காவுக்கு ஓடுது. பின்சக்கரம் நான் இங்கயே இருக்கேன்னு பிடிச்சு இழுக்குது. நடுவுல நான் உட்கார்ந்து ஓட்டணுமாம்" என்றாள். பிறகு கோல்பிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன், "எங்கப்பா இங்கதான் நிக்கிறாரு. இப்பதான் திடீர்னு முழங்கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டாரு" என்றான்.

அந்தப் போனில்தான் நமக்கு விஷயமே தெரிந்தது. கழுதைகளுக்கு மலையில் வேலை இருக்கிற ஜூன் முதல் செப்டம்பர்வரை எங்கள் ஓடைக்கரை வீட்டிலும், அக்டோபரிலிருந்து கன்று போடுகிற காலம் முடியும்வரை உங்கள் வீட்டிலும் இருப்பதாகப் பிள்ளைகள் போன கிறிஸ்துமசுக்கே முடிவு பண்ணிவிட்டார்களாம். "மலையும் ஏறணும், சமவெளியும் ஓடணும். அதுக்குத்தான் தேடித் தேடி அந்த மூணே முக்கால் வண்டியக் காட்டினேன்" என்கிறான் கோல்பி. நாம் நிறம் என்று நினைத்தோம். "ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" என்று நான் கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் எங்க வாய்க்கு எப்ப வழிவிட்டீங்க?" என்றாள் என் மகள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். கூரை போட்டது வீண் போகவில்லை என்று தெரிந்ததும் நான் கழுதைக் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தேன். ஜட்ஜ் மட்டும் பார்த்தது.

இப்போது அவள் உத்தரவு. கிளிஃபும் வேண்டாம், உங்கள் பட்டறையும் வேண்டாம். கெடுத்த இரண்டு பேரும் சேர்ந்து, எங்கள் கொட்டகையில், சொந்தக் கையால் வண்டியைப் பழையபடி ஆக்கவேண்டும். அதுவரை கல்யாண கேக்குக்குச் சொல்லப்போவதில்லையாம். கிளிஃப் கழற்றிக் கொடுத்த பழைய பின் ஜோடியைத் தூக்கி எறிய மனசு வராமல் தீவன மூட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். முன் ஜோடியை நீங்களும் எறிந்திருக்கமாட்டீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். எங்கே ஒளித்தீர்கள் என்று கேட்கமாட்டேன், எடுத்துக்கொண்டு வாருங்கள். படுத்துச் செய்கிற வேலையெல்லாம் என்னுடையது. நீங்கள் நாற்காலியில் முழங்காலை நீட்டி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினால் போதும், நான் அடியிலிருந்து எண்ணுகிறேன். நாம் சரியாக எண்ணுகிறோமா என்று டெலனி பக்கத்திலேயே நின்று பார்ப்பாளாம்.